தெப்பத்தில் இரண்டு பேர்

உயிர்ப்புப் பெருநாள் கழிந்த கிழமையில், கூடாரம் அடித்துப் படம் காட்டுகிறவர்கள் மன்னார்ப் பட்டினத்துக்கு வந்திருந்தார்கள். எங்கள் பேசாலையில் இருந்து வாலிபர் ஏழெட்டுப் பேர் ரயில் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். மறுநாள் பின்னேரம் நான் கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது, வந்து என்னைச் சுற்றி மணலில் குந்தினார்கள். அவர்களில் மரியதாஸ் என்பவன் நன்றாகப் பாடுவான். அவன்தான் பேச்சைத் தொடங்கினான்.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். கோவிக்கக்கூடாது."

"கேள்."

"இப்ப வாற படங்களில பாடுறது நடிக்கிற ஆள் இல்லையாம். வேற ஒருத்தர் எங்கையோ இருந்து பாடுவாராம். இவர் வாயை மட்டும் அசைப்பாராம். மெய்யோ?"

"மெய்தான்."

"அப்ப அது கள்ளமெல்லோ?"

எனக்கு எப்போதும் மறுமொழி பிந்தித்தான் வரும். ஊசியில் நூல் கோக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அவர்கள் கொஞ்சநேரம் இருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவி திரேசாவிடம் சொன்னேன். "எழுதிக் குடுங்கோ. வாயால சொல்லத் தொடங்கினால் அவங்களுக்குத் தலை நரைச்சிடும்" என்றாள். பங்குச் சுவாமியும், எழுதினால் கோயில் பத்திரிகையில் போடலாம் என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பிழை இருந்தால் சுவாமி திருத்துவார்.

பத்துப் பதினைந்து வருடம் மதராஸில் பேசும் படங்களில் நடித்தேன், பாடினேன். தோணிக்காரன், வாயிற்காவலன், பிச்சைக்காரன், அரசனுக்குச் செய்தி கொண்டுவருகிறவன் என்று சின்ன வேடங்கள். ஒரு படத்தில் ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற நான் எப்படி நடிகனானேன் என்று ஊரில் இன்னும் சிரிக்கிறார்கள். காரணம் என் தொண்டைதான். கரைவலை இழுக்கும்போது ஒருவன் அம்பாப் பாட்டின் அடியைக் கொடுப்பான். அவன் நிறுத்தியதும், கயிற்றில் நிற்கிற எல்லாரும் அந்த அடியைத் திருப்பிப் பாடி இழுப்பார்கள். பதினைந்து வயதிலிருந்து எங்கள் சம்மாட்டியின், அதாவது முதலாளியின், வலைக்கு அடி கொடுத்தவன் நான். கொழும்பில் ஆடிவிட்டுத் திரும்பிய ஒரு நாடகக் கம்பனி, கடல் கொந்தளித்ததால் கப்பல் இல்லாமல் இரண்டு நாள் தலைமன்னாரில் தங்கியது. அந்தக் கம்பனியின் மனேச்சர் கரை வழியாக நடந்து வந்தபோது என் அம்பாவைக் கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் நானும் அவர்களோடு கப்பலில் இருந்தேன். கம்பனியில் மூன்று நான்கு வருடம் திரை இழுத்தேன், பாத்திரம் தேய்த்தேன், கூட்டத்தில் நின்று பாடினேன். பேசும் படம் வந்ததும் கம்பனி முழுவதும் படத்துக்குப் போனது. நானும் போனேன்.

அந்தக் காலத்தில் பாட்டை எப்படிப் படம் பிடித்தார்கள் என்பதை இந்த வாலிபருக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும்.

பட்டணத்துக்கு வெளியே ஒரு மாந்தோப்பு. அதைத்தான் ஸ்டூடியோ என்றார்கள். வெயில்தான் வெளிச்சம். வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளால் வெயிலைத் திருப்பி எங்கள் முகத்தில் அடிப்பார்கள். நடிப்பும் பாட்டும் ஒரே நேரத்தில் பதிவாகும். மைக்கை மரக்கொப்பில் கட்டி இலையால் மறைப்பார்கள். ஆர்மோனியக்காரரும் பிடில்காரரும் மிருதங்கக்காரரும் செடிப்பற்றைக்குப் பின்னால் குந்தியிருப்பார்கள். எறும்பு கடித்தாலும் அசையக்கூடாது. பழைய படங்களில் கதாநாயகன் காதலியை விட்டுவிட்டு மரத்தைக் கட்டிப்பிடித்துப் பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். காதலியின் தலையில் மைக்கைக் கட்ட முடியாது, அதுதான் காரணம்.

காக்கை விரட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் இருந்தான். பாட்டுத் தொடங்குமுன் அவன் ஒரு வெடி போடுவான். காக்கைகள் பறந்துபோய்த் திரும்பி வருவதற்குள் பாட்டு முடியவேண்டும். கடைசி அடியில் ஒரு சொல் பிழைத்தாலும் முதலில் இருந்து வெடி, முதலில் இருந்து பாட்டு. அதற்குள் வெயிலும் நகர்ந்துவிடும்.

எங்கள் டைரக்டர் மெலிந்த மனிதர். கையில் எப்போதும் கறுப்புக் குடை இருக்கும். அவர் சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. பாட்டு எடுக்கப் போகிறோம் என்றால் முதலில் தன் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து மரத்தடியில் வைப்பார். அதைப் பார்த்து நூறு பேரும் செருப்பைக் கழற்றுவார்கள். பெண்கள் வளையலைக் கழற்றித் துணியில் முடிவார்கள். பாடுகிறவரிடம் வந்து சட்டைப் பையில் இருந்து இரண்டு மிளகு எடுத்துக் கையில் கொடுப்பார். பாட்டுப் பிழைத்தால் பிழை என்று சொல்லமாட்டார். "நல்லா இருந்தது. இன்னொரு தடவை எடுத்துக்கலாம்" என்பார். பதினெட்டாம் தடவையும் அதே குரலில் அதையே சொல்வார். உண்மையில் நன்றாக இருந்தால் ஒன்றும் பேசமாட்டார். போய்ச் செருப்பைப் போட்டுக்கொள்வார். அந்தச் செருப்புச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு மூச்சு வரும்.

என் முதற்படத்தில் எனக்குத் தோணிக்காரன் வேடம். தோணியை வலித்தபடி ஒரு பாட்டு. வெடி போட்டார்கள். காமெரா ஓடியது. நான் முதல் அடியைப் பாடி நிறுத்தினேன். நிறுத்தியபடியே நின்றேன். காமெரா ஓடிக்கொண்டிருந்தது. பற்றைக்குள் இருந்து பிடில்காரர் மெல்ல என்னவோ வாசித்துப் பார்த்தார். நான் அசையவில்லை.

டைரக்டர் கிட்ட வந்தார். "ஏம்ப்பா நிறுத்திட்டே?"

"அடியைக் குடுத்திட்டன் ஐயா. மற்றவை எடுப்பினம் எண்டு நிண்டனான்."

"மத்தவைன்னா யாரு?"

எனக்குப் பின்னால் பார்த்தேன். தட்டியில் வரைந்த ஒரு மலையும் ஏணியில் ஒருவனும்தான் இருந்தார்கள். தோப்பு முழுவதும் சிரித்தது. எல்லாரிலும் உரக்கச் சிரித்தவர் ராஜபார்ட் சங்கரமூர்த்தி ஐயா. அந்தப் படத்தில் அவர்தான் அரசன்.

"டேய் சிலோன், இங்கே உனக்குப் பின்னால யாரும் கிடையாதுடா. அடியும் நீதான், எடுப்பும் நீதான். முழுசாப் பாடு" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சிலோன் என்று பெயர் விழுந்தது. அங்கே அதன்பிறகு சூசை என்று யாரும் கூப்பிட்டதில்லை.

சங்கரமூர்த்தி ஐயா நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் பாடியவர். பாடுமுன் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவர் பாட்டுக்கு ஒரே வெடிதான் என்று காக்கைக்காரனே பெருமை பேசுவான். கோபக்காரர். ஆனாலும் மத்தியானம் எங்கள் வரிசையில் இருந்துதான் சாப்பிடுவார். என் இலையைப் பார்ப்பார். "சிலோன், மீன் இல்லாம உனக்குச் சோறு இறங்காதேடா, பாவம்" என்று தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைப்பார். எனக்கு அப்பளம் பிடிக்காது. ஒருநாளும் சொன்னதில்லை.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு தெப்பப் படம் எடுத்தார்கள். நாட்டை இழந்த கிழட்டு அரசன் ஒருவன் தெப்பத்தில் தனியே கடல் கடந்து போகிறான். அதுதான் படத்தின் உயிர். அரசன் சங்கரமூர்த்தி ஐயா. முக்கால் படம் முடிந்துவிட்டது. தெப்பத்துப் பாட்டு மட்டும் மிச்சம்.

கடல் என்று ஸ்டூடியோவில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் விட்டிருந்தார்கள். முழங்காலளவு கடல். நான்கு பேர் தண்ணீருக்குள் குந்தியிருந்து தெப்பத்தை ஆட்டுவார்கள். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று சிரிக்கிற நாள் இல்லை.

முதல் அடி இது: "கரை காணும் முன்னாலே கண் மூட மாட்டேன்." அது தாழ்ந்த சுருதி. ஐயா நன்றாகவே பாடினார். இரண்டாம் அடி மேலே ஏறவேண்டும்: "கடல் தந்த பாதையில் களைப்பாற மாட்டேன்." ஏறும் இடத்தில் அவருடைய குரல் கிழிந்தது. மறுபடி வெடி. மறுபடி கிழிந்தது. முப்பது வருடம் மேடையில் கத்திய தொண்டை அது. மூன்று நாள் இப்படியே போனது. டைரக்டர் ஒவ்வொரு தடவையும், "நல்லா இருந்தது. இன்னொரு தடவை எடுத்துக்கலாம்" என்றார். மூன்றாம் நாள் பின்னேரம் அவர் அதைச் சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டு தனியே போய் நின்றார்.

வேறு நடிகரைப் போட்டு முதலில் இருந்து எடுக்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் சங்கரமூர்த்தியின் குரல் போய்விட்டது என்று பட்டணம் முழுவதும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"சிலோன், அந்த ரெண்டாவது அடி உனக்கு வருமா?"

"வரும் ஐயா."

"தெப்பத்துல பாய்த்துணி சுருட்டிக் கிடக்கு பாரு. அதுக்குக் கீழே நீ படுத்துக்கோ. நீ பாடு. அவர் வாயசைக்கட்டும். மைக்குக்கு யார் வாய்னு தெரியாது."

அப்படி ஒரு வேலையை அதுவரை நாங்கள் யாரும் செய்ததில்லை. அது முடியுமா என்றுகூட எனக்குத் தெரியாது.

"அவர் ஒத்துக்கொள்ளுவாரோ ஐயா?"

"நான் கேட்டா மாட்டார். நீ கேளு."

பாடுவதற்கு எனக்குப் பயம் இல்லை. போய்க் கேட்பதற்குத்தான் கால் வரவில்லை. ஐயா ஒப்பனைக் கொட்டிலில் கதிரையில் இருந்தார். அரச முடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ஒட்டுத்தாடி பாதி கழன்று தொங்கியது. கையில் இருந்த கசாயம் ஆறி ஆடை படிந்திருந்தது.

டைரக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இன்னொருத்தன் தொண்டையில நான் ராஜாவா?"

தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய தபசு காலத்தில் உடக்குப் பாஸ் என்று ஒன்று நடக்கும். யேசுநாதரின் பாடுகளை மரத்தால் செய்த சுருவங்களை வைத்துக் காட்டுவார்கள். சுருவத்தைப் பின்னால் இருந்து அசைப்பார்கள். நாங்கள் திரைக்குப் பின்னால் இருந்து பாடுவோம். நான் சீடர் இராயப்பருக்குப் பாடுகிறவன்.

"சனம் சுருவத்தைப் பார்த்துத்தான் அழும் ஐயா. எங்களை ஒருத்தரும் தேடமாட்டினம்."

"அப்போ என்னை மரப்பொம்மைங்கிறே."

நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அவர் கசாயத்தை வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரி, ஒண்ணு சொல்லு. திரைக்குப் பின்னால நீங்க இருக்கிறது உங்க ஜனங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா. எல்லாரும் ஒரே ஊர்தானே."

"அதான்டா வித்தியாசம். அங்கே தெரிஞ்சு அழறாங்க. இங்கே தெரியாம அழப் போறாங்க."

மரியதாஸ் கடற்கரையில் கேட்ட அதே கேள்விதான். இவ்வளவு வருடத்துக்கு முன் ஐயா அதைக் கேட்டுவிட்டார். நான் அழுதுவிட்டேன். ஏன் அழுதேன் என்று இன்றுவரை தெரியாது. மறுமொழிக்குப் பதிலாக வந்ததோ என்னவோ.

அவர் எழுந்து, தன் தாடியைத் தானே பிய்த்து எடுத்தார். "மூக்கைத் துடை. குரல் கம்மிப்போகும்" என்றார். பிறகு சொன்னார்: "முதல் அடியை நான்தான் பாடுவேன். அது என் குரலா இருக்கணும். ரெண்டாவதில இருந்து நீ எடுத்துக்கோ. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இதை யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

கழுத்தில் கிடந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினேன்.

மறுநாள் காலை ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். பாய்த்துணியின் கீழே குப்புறப் படுத்தேன். தார் மணமும் ஈரப் பலகை மணமும். வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்காமல் எப்படிச் சேர்ந்து பாடுவது? அதற்கு ஒரு வழி செய்தோம். என் வலதுகையை உள்ளங்கை மேலே பார்க்க விரித்துத் தெப்பத்தின் பலகையில் வைத்தேன். அதன்மேல் அவர் தன் இடது பாதத்தை வைத்தார். அவர் மூச்சு எடுக்கிற இடத்தில் கால் பெருவிரலால் என் உள்ளங்கையை ஒருதரம் அழுத்துவார். நானும் அதே இடத்தில் மூச்சு எடுக்கவேண்டும். கிழவனின் பாதம். குளிர்ந்துபோயிருந்தது. பாடுமுன் தரையைத் தொடுகிற வழக்கப்படி அவர் குனிந்தார். அவருடைய விரல் பலகையில் படவில்லை. என் கையில் பட்டது.

வெடி கேட்டது. அவர் முதல் அடியைப் பாடினார். பெருவிரல் அழுத்தியது. நான் எடுத்தேன். என் குரலைத் தாழ்த்தி, அவருடைய கரகரப்பில் கொஞ்சத்தை ஓரத்தில் வைத்துக்கொண்டு ஏறினேன். அடுத்த அழுத்தம், அடுத்த மூச்சு. நடுவில் ஒரு கட்டத்தில் அவர் அழுத்துமுன்னமே எனக்குத் தெரிந்தது. பாட்டு முடிந்தது. துணியின் கீழே படுத்தபடி காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்சநேரம் கழித்துத் தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

படம் நன்றாக ஓடியது. அந்தப் பாட்டு இசைத்தட்டாகவும் வந்தது. அதிலும் முதல் அடி அவர், மிச்சம் நான். தட்டில் அவருடைய பெயர். அதன்பிறகு குரலை வேறாகவும் முகத்தை வேறாகவும் பதியக் கருவிகள் வந்துவிட்டன. வடிவான முகம் ஒரு பக்கமும் நல்ல குரல் ஒரு பக்கமும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று படத்தில் மறைவில் இருந்து பாடினேன். கூச்சக்காரனுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. யுத்தம் வந்து பிலிமுக்குத் தட்டுப்பாடு ஆனபோது கம்பனி மூடியது. நான் கப்பல் ஏறிப் பேசாலைக்கு வந்துவிட்டேன்.

ஊரில் அந்தப் பாட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திரேசாவுக்கும் சொல்லவில்லை. மன்னார்ப் பட்டினத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் பிடவைக்கடையில் அந்த இசைத்தட்டு இருந்தது. திரேசா அந்தக் கடைக்குப் போனால் ஒரு முழம் துணிக்கு ஒரு மணித்தியாலம் நிற்பாள். பாட்டு முடிந்தபிறகுதான் வெளியே வருவாள். சங்கரமூர்த்தி ஐயாவின் பாட்டு அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் சங்கரமூர்த்தி ஐயா கொழும்புக்கு நாடகம் ஆட வருகிறார் என்று கேள்விப்பட்டோம். அன்று தலைமன்னார் இறங்குதுறையில் நல்ல சனம். பேசாலையில் இருந்து எங்கள் வலைக்காரர் எல்லாரும் பெண்களோடு ரயில் ஏறிப் போனார்கள். நானும் திரேசாவும் போனோம். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவதுதான் என் எண்ணம்.

பின்னேரம் கப்பல் வந்தது. டாக்குத்தர் எல்லாரையும் பரிசோதித்து, சுங்கக்காரர் பெட்டிகளைத் திறந்து பார்த்து முடியும்வரை கொழும்பு ரயில் காத்து நிற்கும். ஐயாவை ஒரு கதிரை போட்டு ரயில் மேடையில் இருத்தியிருந்தார்கள். நன்றாகக் கிழடு தட்டிவிட்டார். சால்வை தோளில் நிற்கவில்லை. நான் கருவாட்டுச் சிப்பங்களுக்குப் பின்னால் நின்றேன்.

சனத்துக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, அந்தத் தெப்பத்துப் பாட்டு ஒண்டு."

பிறகு எல்லாரும் கேட்டார்கள். நாடகத்தில் பார்க்கலாம், தொண்டை கட்டியிருக்கிறது என்று கூடவந்தவர் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. வெயில் சாய்கிறது, ரயில் நிற்கிறது, அரசன் முன்னால் இருக்கிறார். யார் விடுவார்கள்?

அவர் பாடமாட்டார் என்றால் மானம் போகும். பாடினால் இரண்டாம் அடியில் கிழியும். நான் போய் எடுத்தால் அன்றைக்கே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். செபமாலையில் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

ஐயா எழுந்து நின்றார். குனிந்து தரையைத் தொட்டார். முதல் அடியைத் தன் குரலில் பாடினார். "கரை காணும் முன்னாலே கண் மூட மாட்டேன்." பாடி நிறுத்தினார். இரண்டாம் அடிக்கு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. திறந்தபடியே நின்றார்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். ஒருவன் அடியைக் கொடுத்து நிறுத்தினால் அவர்களால் சும்மா நிற்க முடியாது. வலை இழுக்கும்போது கயிற்றின் தலைப்பில் நிற்கிற பவிலு அண்ணை தொடங்கினார். "கண் மூட மாட்டேன்." அவருக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர், ஆணும் பெண்ணுமாக. "கரை காணும் முன்னாலே கண் மூட மாட்டேன்." இறங்குதுறை அதிர்ந்தது. பாடி முடித்து நிறுத்தினார்கள். அடுத்த அடிக்காக அவரைப் பார்த்தார்கள்.

ஐயாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. இரண்டாம் அடியை அவர் பாடவில்லை. தாழ்ந்த குரலில், அரசன் கட்டளை சொல்லுகிற மாதிரி, சொன்னார். "கடல் தந்த பாதையில் களைப்பாற மாட்டேன்." சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். சனம் அதை வாங்கி மேலே ஏற்றியது.

என் பக்கத்தில் திரேசாவும் பாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள். "இஞ்சாருங்கோ, ஏன் சும்மா நிக்கிறியள். உங்கட பாட்டுத்தானே. பாடுங்கோ."

பாடினேன். நாற்பது குரலுக்குள் ஒரு குரலாகப் பாடினேன். சத்தியம் உடையவில்லை.

திரும்பி வரும்போது பவிலு அண்ணையிடம் கேட்டேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"என்னது?"

"அந்தப் பாட்டு..."

"டேய் சூசை, உன்ர அம்பாவுக்கு எத்தினை வருசம் வலை இழுத்தனாங்கள். முதல் அடி அந்தாள், மிச்சம் நீ. கடையில தட்டுப் போட்ட அண்டைக்கே முழு ஊருக்கும் தெரியும்."

"பிறகேன் ஒருத்தரும் கேக்கேல்ல?"

"நீ சொல்லேல்ல. உனக்குச் சொல்ல ஏலாத ஏதோ இருக்கு எண்டு விட்டிட்டம்." கொஞ்சம் நடந்துவிட்டு, "அதோட, உன்னட்டக் கேட்டு மறுமொழி வாங்க ஆருக்கு நேரம் இருக்கு?" என்றார்.

போன மாதம் டைரக்டரிடம் இருந்து ஒரு தபால் அட்டை வந்தது. சங்கரமூர்த்தி ஐயா காலமாகிவிட்டார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. மரியதாஸ், அது கள்ளமோ என்று கேட்டாய். மற்ற ஊர்களில் எப்படியோ எனக்குத் தெரியாது. பேசாலையில் அந்தப் பாட்டு உடக்குப் பாஸ் மாதிரித்தான் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்துதான் கேட்டார்கள். இதை ஐயாவுக்குச் சொல்லியிருக்கலாம். எனக்கே இந்த மறுமொழி பிந்தித்தான் வந்தது.

அன்று தலைமன்னாரில் கொழும்பு ரயில் புறப்படுமுன் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். கார்ட் விசில் ஊதியபிறகு, ஐயா யன்னல் பக்கம் இருந்து சனத்துக்குள் தேடினார். நான் கருவாட்டுச் சிப்பத்துக்குப் பின்னால்தான் நிற்பேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "சிலோன், வாடா இங்கே" என்றார். போனேன்.

"எனக்குப் பின்னால எத்தனை பேருடா" என்றார்.

"கன பேர் ஐயா."

அவர் யன்னலால் கையை நீட்டி என் வலதுகையைப் பிடித்தார். ரயில் அசைந்தது. நானும் கூட நடந்தேன். மேடை முடிகிற இடத்தில், கையை விடுமுன், பெருவிரலால் என் உள்ளங்கையை ஒருதரம் அழுத்தினார்.

நான் மூச்சு எடுத்தேன்.